பையன் குவார்ட்டர்பேக், இன்னும் ஒரு ஆஃபர்கூட வரவில்லை. என்ன செய்வது?

கேள்வி: டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறோம். என் பையன் இங்கேயே பிறந்தவன், இப்போது 11-ஆம் வகுப்பு. 6ஏ (மிகப் பெரிய பள்ளிகளின் பிரிவு) பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்துகிறவன். இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போன சீசனில்தான் முழுசாக ஆடினான். உயரம் 5 அடி 11 அங்குலம். ஜி.பி.ஏ. (பள்ளி மார்க் சராசரி) 3.9, எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) 1410. கல்லூரியிலும் ஆட வேண்டும் என்பதே பேச்சாக இருக்கிறான். எங்கள் அணிக்கு ஆட வா என்று எந்தக் கல்லூரியும் ஆஃபர் தரவில்லை, ஆனால் பெரிய பெரிய கல்லூரிகளில் இருந்து கேம்புக்கு வா என்று மெயில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு ரெக்ரூட்டிங் கம்பெனி 3,000 டாலர் கட்டினால் ஆஃபர் வாங்கித் தருகிறேன் என்கிறது. எதுவும் சரிவராவிட்டால் பெரிய கல்லூரி ஒன்றில் வாக்-ஆனாக, அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல், சேர்ந்துவிடுவேன் என்கிறான் பையன். விளையாடினது போதும், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு வழியைப் பார் என்கிறார் அவன் அப்பா. எனக்குத் தலையில் அடிபடுமோ என்ற பயம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

சகோதரி, வணக்கம்.

முதலில் அந்த கேம்ப் மெயில்கள். நீங்கள் அனுப்பியிருந்த மூன்றையும் படித்தேன். மூன்றிலும் மேலே பையனின் பெயர் இருக்கிறது, கீழே பணம் கட்டும் லிங்க் இருக்கிறது, நடுவில் அவன் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பற்றியோ எறிந்த ஒரு பந்தைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. இதே மெயில் டெக்சஸ் முழுக்க எத்தனை பையன்களுக்குப் போயிருக்குமோ! கேம்ப் என்பது கோச்சுகள் பையன்களை நேரில் பார்க்கும் இடம்தான், அதில் பொய் இல்லை, ஆனால் அது வருமானமும்கூட. ஒரு கோச்சுக்கு நிஜமாகவே ஆர்வம் வந்தால் அவர் தன் சொந்த ஃபோனில் இருந்து பையனுக்கு மெசேஜ் போடுவார், உங்கள் பள்ளிக் கோச்சைக் கூப்பிட்டு ஆள் எப்படி என்று விசாரிப்பார், அப்புறம் டிரான்ஸ்கிரிப்ட் (பள்ளி மார்க் பட்டியல்) கேட்பார். நான் ஒரு பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராக இருக்கிறேன். கோச்சுகள் ஒரு பையன்மேல் கண் வைத்துவிட்டார்கள் என்பது எனக்குத் தெரிய வருவதே அவனுடைய டிரான்ஸ்கிரிப்ட் என் மேஜைக்கு வரும்போதுதான். உங்கள் பையனிடம் இதுவரை யாரும் டிரான்ஸ்கிரிப்ட் கேட்கவில்லை. அதனால் அந்த மெயில்களை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம்.

ஃபுட்பால் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இது காலால் உதைக்கும் பந்தாட்டம் இல்லை, அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது, இல்லை தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவெடுக்கிறவன்தான் குவார்ட்டர்பேக். களத்தில் ஒருத்தன்தான். மற்ற இடங்களில் ஆள் களைத்தால் அடுத்தவனை இறக்குவார்கள், இவனை மட்டும் அடிபட்டாலோ ஒரேயடியாகச் சொதப்பினாலோ தவிர மாற்ற மாட்டார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். தினேஷ் கார்த்திக் 2004-இல் இந்திய அணிக்குள் வந்தபோது தோனி இன்னும் வந்திருக்கவில்லை. அந்த வருஷக் கடைசியில் தோனி வந்தார், அதற்கப்புறம் கார்த்திக் வெளியே உட்கார்ந்த காலம் எவ்வளவு என்று நமக்கெல்லாம் தெரியும். ஆட்டம் தெரியாமல் இல்லை, இடம் ஒன்றுதான்.

இந்த நாட்டில் பள்ளி ஃபுட்பால் ஆடுகிறவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். அதில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் இருக்கும் கல்லூரி ஏதாவது ஒன்றில் ஆடப்போகிறவர்கள் சுமார் 7 சதவீதம், அதன் மேல்மட்டமான டிவிஷன் 1-க்குப் போகிறவர்கள் 3 சதவீதம்கூட இல்லை. இது எல்லா இடங்களையும் சேர்த்த கணக்கு. டி.வி.யில் நாம் பார்க்கும் எஃப்.பி.எஸ். (டிவிஷன் 1-இன் மேல்தட்டு) கல்லூரிகள் 130-க்குச் சற்று மேல், ஒவ்வொன்றும் பள்ளியில் இருந்து வருஷத்துக்கு ஒரு குவார்ட்டர்பேக் எடுக்கும், எப்போதாவது இரண்டு, சில கல்லூரிகள் சில வருஷம் ஒருவரையும் எடுப்பதில்லை. டெக்சஸில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. எஃப்.பி.எஸ். கல்லூரிகள் பெரும்பாலும் பையன் 11-ஆம் வகுப்பு முடிப்பதற்குள்ளேயே தங்கள் குவார்ட்டர்பேக் யார் என்று தீர்மானித்துவிடுவார்கள். உங்கள் பையன் அந்த வரிசைக்குத் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறான். அது அவன் தப்பு இல்லை, அவனுக்கு முன்னால் இன்னொருத்தன் நின்றிருந்தான், அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்கள் நிலைமையை இன்னும் இறுக்கிவிட்டன. ஒன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ஆன்லைன் பட்டியல். 2018-இல் வந்தது, அப்போது கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் இருக்க வேண்டும். 2021-இல் ஒரு தடவை மாறுவதற்கு அந்தக் கட்டுப்பாடு போனது, 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. அதனால் இன்றைக்கு ஒரு கோச்சுக்குக் குவார்ட்டர்பேக் வேண்டும் என்றால், 17 வயதுப் பையனை எடுத்து மூன்று வருஷம் வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் 20 ஆட்டம் ஆடி முடித்த 21 வயது ஆளைக் கொண்டுவருவதே அவருக்குச் சுலபம். அவர் வேலையும் அந்த சீசனின் வெற்றி தோல்வியில்தானே தொங்குகிறது?

இரண்டாவது, 2025 ஜூனில் கோர்ட் ஒப்புதல் கொடுத்த ஹவுஸ் வழக்கு சமரசம். கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே, அதுதான். அதில் அவ்வளவாகக் கண்ணில் படாத ஒரு விதி, அந்த ஏற்பாட்டுக்குள் வந்த கல்லூரிகளின் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. முன்பு ஸ்காலர்ஷிப் 85 பேருக்கு, அதற்கு மேல் வாக்-ஆன் பையன்களைச் சேர்த்து 120, 130 என்று வைத்திருந்த அணிகள் உண்டு. வாக்-ஆன் என்றால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தக் காசில் படித்துக்கொண்டு அணியில் இடம் தேடுகிறவன். இப்போது அந்தக் கடைசி வரிசை நாற்காலிகளைத்தான் எடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்ட் ஓக்லஹோமாவில் வாக்-ஆனாகப் போய் 2017-இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியதைப் பையன் உங்களிடம் சொல்லியிருப்பான். உண்மைதான், ஆனால் அது பழைய கணக்கு, அதோடு அவர் அதற்கு முன்பே டெக்சஸ் டெக்கில் ஆடிக் காட்டியிருந்தார். இன்றைக்குக் கோச் யாரும் கூப்பிடாமல் பெரிய கல்லூரியில் போய் நின்று இடம் கேட்பது என்பது, நான்கு வருஷமும் கேலரியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அச்சாரம் போடுவது மாதிரிதான் முடியும்.

பையனுக்கு இதெல்லாம் கசக்கும். அதனால் குவார்ட்டர்பேக் கேம் வார்ட் கதையை அவனுக்குச் சொல்லுங்கள், தெரிந்திருக்கும், இருந்தாலும் முழுசாகச் சொல்லுங்கள். உங்கள் டெக்சஸ்தான், ஹூஸ்டனுக்குத் தெற்கே வெஸ்ட் கொலம்பியா. அவருடைய பள்ளி அணி பந்தை எறிவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பிய அணி, அதனால் காட்டுவதற்கு வீடியோவே இல்லை, ரெக்ரூட்டிங் தரவரிசையில் ஒரு ஸ்டார்கூட யாரும் போடவில்லை. சான் அன்டோனியோவில் இருக்கும் இன்கார்னேட் வேர்ட் என்ற எஃப்.சி.எஸ். (டிவிஷன் 1-இன் இரண்டாம் தட்டு) கல்லூரி மட்டும் எடுத்தது. அங்கே ஆடினார், வாஷிங்டன் ஸ்டேட் போனார், மயாமி போனார், 2025-இல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக டென்னசி டைட்டன்ஸ் எடுத்தது. இதைக் கேட்டுவிட்டு நானும் என்.எஃப்.எல். போவேன் என்று அவன் கிளம்பினால் விஷயம் புரியவில்லை என்று அர்த்தம். வார்ட் தன்னை ஆடவைக்கிற இடத்துக்குப் போனார் என்பதுதான் அதில் நமக்கு வேண்டியது. குவார்ட்டர்பேக் ஆடினால்தான் வளருவான். பெரிய பெயர் எழுதிய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நிற்கிறவனை, போர்ட்டல் இருக்கிற இந்தக் காலத்தில்கூட யாரும் தேடி வர மாட்டார்கள்.

சரி, உங்கள் பையன் எங்கே பொருந்துவான்? நான் அவன் வீடியோவைப் பார்த்தேன், ஆனால் அவன் எறியும் கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அவன் பள்ளிக் கோச்சிடம் பையன் இல்லாதபோது நேராகக் கேளுங்கள்: “இவன் எந்த லெவலில் ஆட முடியும்?” பெரும்பாலான கோச்சுகள் அம்மா அப்பா கேட்டால் ஒளிக்க மாட்டார்கள், கேட்கவில்லை என்றால் தாங்களாக வந்து சொல்லவும் மாட்டார்கள். என் வேலையில் எனக்குத் தெரிந்தது மார்க் பக்கம். உங்கள் வீட்டில் ஃபுட்பாலும் படிப்பும் சண்டைக்காரர்கள் மாதிரி எதிரெதிரே நிற்கின்றன, அப்பா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம். இந்தப் பையன் விஷயத்தில் அந்தப் பிரிவே தேவையில்லாதது. குவார்ட்டர்பேக்காக அவனிடம் இருக்கிற பெரிய பலம் அந்த 3.9-உம் 1410-உம்தான். உயரத்தைக் கூட்ட முடியாது, எஸ்.ஏ.டி.யை 1500 பக்கம் கொண்டுபோக முடியும்.

ஏன் என்றால், படிப்புக்குப் பெயர்போன ஒரு பெரிய கூட்டம் கல்லூரிகள் ஃபுட்பாலும் ஆடுகின்றன, அங்கே கோச்சுக்கு எறியத் தெரிந்த பையன் கிடைத்தாலும் அட்மிஷன் ஆபீஸ் ஒப்புக்கொள்கிற மார்க் உள்ள பையன் கிடைப்பதில்லை. எம்.ஐ.டி.க்கு ஃபுட்பால் அணி உண்டு என்று சொன்னால் நம் ஆட்கள் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். உண்டு, என்.சி.ஏ.ஏ.வின் கடைசித் தட்டான டிவிஷன் 3-இல். கார்னகி மெலன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், யூனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ, கேஸ் வெஸ்டர்ன் எல்லாவற்றுக்கும் உண்டு. டெக்சஸுக்குள்ளேயே சான் அன்டோனியோவில் டிரினிட்டி, ஜார்ஜ்டவுனில் சவுத்வெஸ்டர்ன், உங்களுக்குப் பக்கத்திலேயே ஷெர்மனில் ஆஸ்டின் காலேஜ். எஃப்.சி.எஸ்.ஸில் ஐவி லீக் எட்டும், டேவிட்சன், டிரேக் மாதிரி ஆட்களும் இருக்கிறார்கள், அங்கே போட்டி இன்னும் கடுமை. ஐவியிலும் டிவிஷன் 3-இலும் விளையாட்டுக்கு என்று ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள், டிவிஷன் 3 கல்லூரிகள் பலவற்றில் மார்க்குக்கும் கொடுப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கிறீர்கள் என்றால் வருமானக் கணக்கில் பெரிதாகக் கிடைக்காது, இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரி வெப்சைட்டிலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும், அதில் உங்கள் சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். பையன் ஒரு கல்லூரியில் மனதைப் பறிகொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் இல்லை.

இந்த மாதிரிக் கல்லூரிகளில் பலவற்றில் ப்ரீ-ரீட் என்று ஒன்று நடக்கும். 11-ஆம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் பையனின் டிரான்ஸ்கிரிப்டையும் ஸ்கோரையும் அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பி, இவன் தேறுவானா என்று முன்கூட்டியே கேட்பார். அவர்கள் தலையசைத்தால், கோச் தன் ஆதரவுப் பட்டியலில் அவனைச் சேர்ப்பார், பையன் பெரும்பாலும் நவம்பரில் எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம், கிடைத்தால் போயே ஆக வேண்டும். ஆகவே உங்களுக்கு இருக்கிற நேரம் இந்தக் கோடைதான்.

வீடியோவைப் பற்றி. ஹடல் என்ற வீடியோ தளத்தில் அவன் போட்டிருக்கும் ஐந்து நிமிஷ ஹைலைட் ஒரு பாட்டோடு ஆரம்பிக்கிறது, பெயர் பறந்து வருகிறது, முதல் பந்து 20-ஆவது நொடியில்தான். கோச் அதற்குள் அடுத்த பையனுக்குப் போயிருப்பார். முதல் காட்சியே அவனுடைய மிகச் சிறந்த த்ரோவாக இருக்கட்டும். எதிர் அணியில் யாரும் துரத்தாதபோது 50 கெஜம் எறிந்த டச்டவுன் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கோச்சுகள் தேடுவது வேறு: ஒருத்தன் மேலே வந்து விழப்போகிறான் என்று தெரிந்தும் காலை நகர்த்தாமல் நின்று எறிந்தது, மூன்றாவது டவுனில் (நாலு முயற்சியில் மூன்றாவதில்) எட்டு கெஜம் வேண்டியிருந்தபோது எறிந்தது, முதலில் பார்த்த ஆள் அடைபட்டதும் கண்ணைத் திருப்பி அடுத்தவனைக் கண்டுபிடித்தது, களத்தின் ஒரு பக்க ஹாஷில் (பந்தை வைக்கும் உள்கோட்டில்) இருந்து எதிர்ப்பக்க ஓரத்துக்குத் தட்டையாக எறிந்தது. மூன்று நிமிஷம் போதும். பக்கத்திலேயே இரண்டு முழு ஆட்டங்களின் வீடியோவையும் வைக்கட்டும், அதில் ஒன்று தோற்ற ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. இன்டர்செப்ஷன் கொடுத்த பிறகு, அதாவது எறிந்த பந்து எதிரணி கையில் போன பிறகு, பையன் அடுத்த தடவை களத்தில் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கிற கோச்சுகளை எனக்குத் தெரியும்.

மெயிலை அவன்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் உடனே தெரிந்துவிடும், அம்மா எழுதும் மெயிலுக்கு ஒரு வாசனை உண்டு! தலைப்பில் பெயர், குவார்ட்டர்பேக், பள்ளி முடிக்கும் வருஷம், ஊர், உயரம், எடை, ஜி.பி.ஏ., எஸ்.ஏ.டி. உள்ளே நாலு வரி, அந்தக் கல்லூரிக்கு ஏன் எழுதுகிறான் என்று ஒரு வரி, அது உண்மையாக இருக்க வேண்டும். வீடியோ லிங்க், பள்ளிக் கோச் ஃபோன் நம்பர். தலைமைக் கோச்சுக்கு மட்டும் இல்லாமல், குவார்ட்டர்பேக் கோச்சுக்கும் டெக்சஸ் பக்கம் ஆள் எடுக்கிற உதவிக் கோச்சுக்கும் அனுப்பட்டும். நம்பிக்கை வராவிட்டால் என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊர், பள்ளி முடித்தபோது ஒரு டிவிஷன் 1 ஆஃபரும் இல்லை, பக்கத்து ஜூனியர் காலேஜில் சேர்ந்து ஆடி, நாடு முழுக்க இருக்கும் கோச்சுகளுக்கு மெயில் மேல் மெயில் போட்டு, கடைசியில் வயோமிங் எடுத்தது. அவர் மெயில் போட எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளவில்லை.

அந்த 3,000 டாலர் கம்பெனி அதைத்தான் செய்யப்போகிறது. ஒரு ப்ரொஃபைல் பக்கம், மொத்தமாக அனுப்பும் மெயில். ஆஃபர் வாங்கித் தருவோம் என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. கட்டாதீர்கள். அதில் ஒரு பகுதியை இரண்டு மூன்று கேம்புக்குச் செலவு செய்யுங்கள், பல கல்லூரிக் கோச்சுகள் ஒரே இடத்தில் கூடும் கேம்பாகவோ, அவன் நிஜமாகவே போகக்கூடிய கல்லூரியின் கேம்பாகவோ பார்த்து. போவதற்கு முன்னால் அந்தக் கோச்சிடம் இருந்து ஒரு பதில் மெயிலாவது வந்திருக்க வேண்டும்.

அவன் அப்பாவுக்கு ஒரு விஷயம். யு.டி. (டெக்சஸ் பல்கலைக்கழகம்) டல்லாஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அவர் நினைத்தால் நல்ல யோசனைதான், அங்கே ஃபுட்பால் அணி கிடையாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். யு.டி. ஆஸ்டின் என்றால், தானாக அட்மிஷன் கிடைக்கும் வரம்பு வகுப்பில் முதல் 6 சதவீதம் என்றிருந்தது 2026-இல் சேர்கிறவர்களில் இருந்து 5 ஆகிவிட்டது, அதுவும் கல்லூரிக்குள்தான், கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் பக்கத்துப் பள்ளிகளில் முதல் 5 சதவீதம் என்பது என்ன என்று நான் சொல்ல வேண்டாம். அந்தக் கூட்டத்தில் 3.9 வாங்கியவன் என்று நிற்பதைவிட, ஆயிரக்கணக்கானோர் பார்க்க வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடிக்கொண்டே 3.9 வாங்கியவன் என்று நிற்பது அவனுக்கு லாபம். அவர் கவலைப்படும் படிப்புக்கே ஃபுட்பால்தான் கதவாக அமையலாம். யு.டி. மாதிரி அரசுக் கல்லூரிகளுக்கும் வழக்கம்போல விண்ணப்பிக்கட்டும், அதில் தப்பில்லை.

தலை அடி பற்றிய பயம் நியாயமானது, அதை நான் தடவிக்கொடுத்து அனுப்பப்போவதில்லை. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், என்.எஃப்.எல். ஆடியவர்களின் 111 மூளைகளில் 110-இல் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு இருந்தது. அவை பெரும்பாலும் சந்தேகப்பட்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள், அதனால் எல்லாருக்கும் அப்படி என்று ஆகாது, ஆனால் ஆடுகிற வருஷம் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. குவார்ட்டர்பேக்குக்கு ஒரு சலுகை, பயிற்சியில் வேறு நிற ஜெர்சி போட்டு அவனை யாரும் தள்ளி வீழ்த்தக் கூடாது என்று வைத்திருப்பார்கள், லைனில் நிற்கிறவன் தினமும் முட்டிக்கொள்வது மாதிரி இவனுக்கு இல்லை. டெக்சஸில் 2011-இல் வந்த சட்டப்படி, மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி. சட்டம் இருந்தும் பையன்கள் மறைப்பார்கள், இடம் போய்விடும் என்ற பயத்தில். அவனிடம் பேச வேண்டியது அதைத்தான். ஒருவேளை ஏற்கனவே இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது என்றால், எனக்கு இல்லை, நரம்பியல் டாக்டருக்கு எழுதுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எச்-4 விசாவில் (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இடையில் ஒன்று: ஸ்காலர்ஷிப் வாங்கலாம், ஆனால் விளம்பரப் பணம், கல்லூரி கொடுக்கும் பங்கு இதையெல்லாம் தொடுவதற்கு முன்னால் குடிவரவு வக்கீலைப் பாருங்கள், மத்திய அரசாங்கப் படிப்பு உதவியும் கிடைக்காது. உங்கள் பையனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கல்லூரிக்காவது பார்க்கப் போனால், அணியில் இப்போது எத்தனை குவார்ட்டர்பேக், யார் யார் எந்த வருஷம் முடித்துப் போகிறார்கள் என்று பையன் கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டியது வேறொன்று. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினீயரிங் லேப்கள் நிறைய இடங்களில் மத்தியானம் வரும், பயிற்சியும் மத்தியானம்தான், இந்த மோதலை நான் ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கிறேன், முதல் வருஷத்திலேயே பையன்கள் மேஜரை (முதன்மைப் பாடத்தை) மாற்றுவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் கோச்சிடம், “உங்கள் அணியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற மூன்றாம் வருஷப் பையன் யாராவது இருக்கிறானா, அவனோடு பத்து நிமிஷம் பேச முடியுமா?” என்று கேளுங்கள். உடனே ஒருத்தனைக் கூப்பிட்டால் அவனிடம் செவ்வாய்க்கிழமை காலை முதல் ராத்திரி வரை என்ன செய்கிறான் என்று உங்கள் வீட்டுக்காரரையே கேட்கச் சொல்லுங்கள். யோசித்துவிட்டு அப்புறம் சொல்கிறேன் என்றால், அடுத்த கல்லூரிக்கு வண்டியை எடுங்கள்.